பாலிஷ் மிஷினின் வாட் கணக்கு

கார் பாலிஷ் மிஷின் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது “எத்தனை வாட்?” என்றுதான். அட்டைப்பெட்டியிலும் அந்த எண்ணைத்தான் பெரிதாகப் போட்டிருப்பார்கள்: 1200, 1400, 1600, 1800. எண் கூடக் கூட மிஷினுக்கு வலு கூடும், வலு கூடினால் கீறல் சீக்கிரம் போகும் என்று நாமே கணக்குப் போட்டுக்கொள்கிறோம். அந்தக் கணக்கில் பாதிதான் சரி. மீதிப் பாதியை நம்பி வாங்கினால் பணமும் போகும், சில சமயம் பானெட்டில் நிறத்துக்கு மேல் இருக்கும் கண்ணாடிப் பூச்சான கிளியர் கோட்டும் போகும்.

டெல்டாவில் இருப்பவர்களுக்கு இதை போர்செட்டிலிருந்து தொடங்கினால் எளிதில் பிடிபடும். போர் மோட்டாரில் 5 எச்.பி. என்று தகட்டில் அடித்திருந்தால், அது மோட்டாரின் தண்டு வெளியே கொடுக்கும் சக்தி, ஏறத்தாழ 3.7 கிலோவாட். அதைக் கொடுப்பதற்கு மோட்டார் லைனிலிருந்து இழுப்பது அதைவிட அதிகம், 4.4 கிலோவாட் வரை போகும். பாலிஷ் மிஷினின் தகடு இதற்கு நேர்மாறு. அங்கே 1200 வாட் என்பது மிஷின் ப்ளக் வழியாக உள்ளே இழுக்கும் சக்தி. பெயின்ட்டைத் தேய்க்கும் பேடுக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்பதை அந்த எண் சொல்லாது. இரண்டையும் ஒரே கண்ணால் படிப்பதில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது.

உள்ளே போகும் 1200 எங்கே கரைகிறது? ஒயர் உள்ள பாலிஷ் மிஷின்களில் பெரும்பாலும் கார்பன் பிரஷ் வைத்த யுனிவர்சல் மோட்டார்தான் இருக்கும். மிக்ஸியில் இருப்பதும் அதே வகைதான். அதன் உள்ளே சுழலும் பகுதியான ஆர்மேச்சர் நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் ஓடக்கூடியது. அதைக் கியர் வைத்து 3000-ஐ ஒட்டிக் கீழே கொண்டுவருகிறார்கள். சுருளில் சூடு, பிரஷ்ஷும் அது தொடும் செம்பு வளையமான கம்யூட்டேட்டரும் உரசுவதில் சூடு, கியரில் உரசல், குளிர்விக்கும் விசிறியைச் சுற்ற ஆகும் சக்தி என்று ஒவ்வொன்றாகக் கழிந்து, கடைசியில் பேடைச் சுற்றும் தண்டான ஸ்பிண்டிலுக்கு வருவது உள்ளே போனதில் 50 முதல் 60 சதவீதம். 1200 வாட் மிஷினில் 600 முதல் 720 வாட் வெளியே வந்தால் அது நியாயமான மிஷின். நல்ல கம்பெனிகள் சில, விவரப் புத்தகத்தில் உள்ளிழுக்கும் சக்தி, வெளியிடும் சக்தி என இரண்டையும் தனித்தனியாக அச்சிடுகின்றன. இரண்டாவது எண்ணும் கொடுத்திருந்தால் அதை மட்டும் ஒப்பிடுங்கள். முதல் எண்ணை வைத்து இரண்டு மிஷின்களை ஒப்பிடுவது, சாப்பிட்ட சோற்றை வைத்து வேலையை அளப்பதுதான்.

பெயர் தெரியாத மிஷின்களில் உள்ளிழுக்கும் எண்ணே ஊதிப்போட்டதாக இருக்கும். அதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். 1800 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 7.8 ஆம்பியர். அந்த மிஷினின் ஒயரில் சாதாரண 6 ஆம்பியர் ப்ளக் பொருத்தியிருந்தால், ஒன்று எண் பொய், இல்லையென்றால் ப்ளக் ஆபத்து. ஒயரின் தடிமனையும் விரலில் பிடித்துப் பாருங்கள். மிக்ஸி ஒயர் போல் ஒல்லியாக இருக்கும் ஒயரில் 8 ஆம்பியரை மணிக்கணக்கில் ஓட்டவே முடியாது. உண்மையில் ஓடுவது எவ்வளவு என்று பார்க்க வேண்டுமானால், கம்பியைக் கவ்வி கரன்ட்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் போதும். ஆனால் முழு ஒயரையும் சேர்த்துக் கவ்வினால் மீட்டர் பூஜ்யம்தான் காட்டும். போகும் கரன்ட்டும் வரும் கரன்ட்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குள் போகும் ஒற்றைக் கம்பியை மட்டும் பிரித்துக் கவ்வ வேண்டும். ஸ்பீடு டயலைக் குறைத்து வைத்திருந்தால் சாதாரண கிளாம்ப் மீட்டர் தப்பாகக் காட்டும், ஏனென்றால் டயல் கரன்ட் அலையை வெட்டி வெட்டி அனுப்புகிறது. ட்ரூ ஆர்.எம்.எஸ். என்று போட்ட மீட்டர்தான் அங்கே சரியாகப் படிக்கும்.

இனி பெயின்ட்டின் பக்கம் வருவோம். ஒரு பானெட்டைப் பாலிஷ் போட எவ்வளவு சக்தி உண்மையில் வேண்டும்? 150 மி.மீ. ஃபோம் பேட் வைத்த ரோட்டரி மிஷின் (பேட் ஒரே மையத்தில் மட்டும் சுற்றும் வகை), 1500 ஆர்.பி.எம்., கையால் 7 கிலோ எடைக்குச் சமமாக அழுத்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அழுத்தும் விசை 70 நியூட்டன். உராய்வுக் கெழுவை 0.4 என்று எடுத்தால் இழுக்கும் விசை 28 நியூட்டன். அது சராசரியாக மையத்திலிருந்து 50 மி.மீ. தள்ளி வேலை செய்கிறது. ஆக டார்க், அதாவது சுற்றும் விசை, 1.4 நியூட்டன் மீட்டர். 1500 சுற்று என்பது நொடிக்கு 157 ரேடியன். இரண்டையும் பெருக்கினால் 220 வாட். அவ்வளவுதான். 7 கிலோ என்பதே அதிகப்படி அழுத்தம். ஒழுங்காக வேலை செய்கிறவர், சமதளத்தில் மிஷினின் எடையான இரண்டரை, மூன்று கிலோவையே போதும் என்று விட்டுவிடுவார். அப்போது தேவை 100 வாட்டுக்கும் கீழே இறங்கிவிடும்.

இந்த 220 வாட் எங்கே போகிறது என்பதுதான் வாட் பற்றி ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம். கீறலைத் தேய்ப்பதில் செலவாவது அதில் துளிதான். மற்றதெல்லாம் சூடு. ஃபோம் சூட்டைக் கடத்தாது, அதனால் சூட்டில் பெரும்பகுதி பெயின்ட்டுக்குள்ளும் அடியில் இருக்கும் தகரத்துக்குள்ளும்தான் இறங்கும். 750 வாட் இஸ்திரிப் பெட்டியின் கால் பங்குக்கு மேலான சூட்டை இரண்டு உள்ளங்கை அகலத்தில் வைத்துத் தேய்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டால் கை தானாக நகரும். கம்பெனி பெயின்ட் முழுவதும் சேர்ந்தே 100 முதல் 150 மைக்ரான்தான் வரும். அதில் மேலே இருக்கும் கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரான். சூட்டில் அது இளகினால் பேட் அதை அறுத்துக்கொண்டு போய்விடும். பானெட் தகரமாவது சூட்டைப் பரப்பிவிடும். பிளாஸ்டிக் பம்பர் பரப்பாது, சூடு விழுந்த இடத்திலேயே நிற்கும். கதவின் ஓரம், பானெட்டின் மடிப்பு விளிம்பு இங்கெல்லாம் பெயின்ட் மெல்லியது, அழுத்தமும் ஒரே கோட்டில் குவியும். பெயின்ட் எரிந்தது என்று பட்டறையில் காட்டும் இடங்களை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் பம்பரும் விளிம்பும்தான். புறங்கையை வைத்து மூன்று எண்ணும் வரை தாங்கவில்லை என்றால் அந்த இடத்தை விட்டு நகர வேண்டிய நேரம் வந்துவிட்டது.

அப்படியானால் 1200 வாட் எதற்கு, 300 வாட் போதாதா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். அதிக வாட் மிஷினில் நாம் வாங்குவது ஒதுக்குச் சக்தியை. 1200 ஆர்.பி.எம். போன்ற தாழ்ந்த வேகத்தில் 180 மி.மீ. வூல் பேடை வைத்துப் கிளியர் கோட் இல்லாத பழைய ஒற்றைக் கோட் பெயின்ட்டை ரப்பிங் போடும்போது, மோட்டார் திணறாமல் அதே வேகத்தில் சுற்ற வேண்டும். பேடின் விட்டம் கூடக் கூட டார்க் தேவையும் அதே விகிதத்தில் கூடும். 150-லிருந்து 180-க்குப் போனால் ஒன்றே கால் மடங்குக்கு நெருக்கம், 75 மி.மீ. சின்னப் பேடுக்கு இறங்கினால் பாதி. மிஷின் திணறுகிறது என்றால் புது மிஷின் தேடுவதற்கு முன்னால் பேடை ஒரு சைஸ் குறைத்துப் பாருங்கள். தேய்க்கும் பசையான காம்பவுண்டில் ஊறிக் கனத்துப்போன ஃபோம் பேடும் சக்தியைத் தின்னும். இரண்டு பேனலுக்கு ஒரு முறை பேடைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, நாலைந்து பேனலில் வேறு காய்ந்த பேடுக்கு மாறுவது, 200 வாட் கூடுதல் மிஷின் வாங்குவதைவிடப் பலன் தரும்.

ரோட்டரியையும் டூயல் ஆக்‌ஷனையும் வாட்டை வைத்து ஒப்பிடவே கூடாது. டூயல் ஆக்‌ஷன் என்பது பேட் தன் மையத்தைச் சுற்றிக்கொண்டே ஒரு சின்ன வட்டத்திலும் ஆடும் மிஷின். அந்த வட்டத்தின் விட்டம் 8, 12, 15, 21 மி.மீ. என்று வரும். தொழில்முறை ஆட்கள் வைத்திருக்கும் ரூப்பஸ் எல்.ஹெச்.ஆர். 21 வெறும் 500 வாட். மகிதா 9237சி ரோட்டரி 1200 வாட், 600 முதல் 3200 சுற்று வரை. 500 வாட்டைப் பார்த்து “இது பொம்மை” என்று ஒதுக்குகிறவர் நிறைய உண்டு. ஆனால் 21 மி.மீ. வட்டத்தில் ஒரு சுற்றுக்குப் பேட் போகும் தூரம் 66 மி.மீ.; நிமிடத்துக்கு 4200 வட்டம் என்றால் 277 மீட்டர். 8 மி.மீ. மிஷினில் 6800 வட்டம் வைத்தாலும் 171 மீட்டர்தான். ஆக, டூயல் ஆக்‌ஷனில் வெட்டும் திறனை முதலில் முடிவு செய்வது வட்டத்தின் அளவு, பிறகு வேகம், அதற்கும் பிறகுதான் வாட். ரோட்டரியில் 150 மி.மீ. பேடின் விளிம்பு 1500 சுற்றில் நிமிடத்துக்கு 700 மீட்டர் ஓடுகிறது. வேகமாக வெட்டும், வேகமாகச் சூடேற்றும், ஹோலோகிராம் கோடுகளையும் விட்டுவைக்கும். கறுப்புக் காரில் வெயிலில் பார்த்தால் தெரியும் அந்த வால் வால் வெளிச்சம் ரோட்டரியின் கையெழுத்து.

சாதாரண டூயல் ஆக்‌ஷனில் இன்னொரு சங்கதி இருக்கிறது. பேடின் சுழற்சியை மோட்டார் நேரடியாகப் பிடித்துச் சுற்றுவதில்லை. ஆட்டத்தின் உந்தலில் பேரிங் வழியாகத் தானே சுற்றுகிறது. வளைந்த இடத்தில் அழுத்தினால் ஆட்டம் மட்டும் இருக்கும், சுழற்சி நின்றுபோகும். நின்றால் வேலை ஏறத்தாழ நடக்கவில்லை என்று அர்த்தம், சூடு மட்டும் ஏறும். இதற்கு 900 வாட் மிஷின் வாங்கினாலும் அதே கதைதான், ஏனென்றால் சுழற்சி பேரிங்கைப் பொறுத்தது. பேடு ஒட்டும் தட்டான பேக்கிங் பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கறுப்புக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும்தான் அழுத்தலாம். சுழற்சி நிற்கவே கூடாது என்பவர்களுக்குக் கியரால் பிடித்துச் சுற்றும் வகை உண்டு. ஃபிளெக்ஸ் எக்ஸ்.சி. 3401 அந்த ஜாதி: 8 மி.மீ. வட்டம், 900 வாட். அங்கே அந்த 900-க்கு வேலை இருக்கிறது, மோட்டாரே சுழற்சியையும் சுமக்கிறது. அதற்கான விலையாக அதிர்வும் கைவலியும் கூடுதலாக வரும்.

பிளேட், பேடு எடை விஷயத்திலும் டூயல் ஆக்‌ஷன் கண்டிப்பானது. உள்ளே இருக்கும் எதிர் எடை குறிப்பிட்ட சைஸ் பிளேட்டுக்கும் பேடுக்கும் அளந்து வைத்தது. 15 மி.மீ. மிஷினுக்கு 125 மி.மீ. பிளேட், 21-க்கு 150 என்பது வழக்கம். மிஷினில் வலு இருக்கிறதே என்று பெரிய பிளேட் மாட்டினால் மணிக்கட்டு மரத்துப்போகும், பேரிங்கும் சீக்கிரம் போகும்.

ஸ்பீடு கன்ட்ரோலைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாட் எண்ணைவிட அதுதான் கையில் தெரியும். மலிவான டயல், மோட்டாருக்குப் போகும் வோல்டேஜை வெட்டிக் குறைப்பதோடு சரி. பேட் பெயின்ட்டைத் தொட்டதும் 1500 சுற்று 900-க்கு விழும், தூக்கினால் மறுபடி பாயும். நல்ல மிஷினில் ஆர்மேச்சரின் வேகத்தை அளக்கும் சென்சார் இருக்கும். சுமை ஏறியதும் எலக்ட்ரானிக்ஸ் கூடுதல் கரன்ட்டை அனுப்பி அதே வேகத்தைப் பிடித்து வைக்கும். கடையிலேயே இதைச் சோதிக்கலாம். பேடு மாட்டி, டயலை நடுவில் வைத்து, தரையில் விரித்த ரப்பர் மேட்டில் மெல்ல அழுத்துங்கள். சத்தத்தின் சுருதி ஒரு கணம் இறங்கி உடனே பழைய இடத்துக்கு ஏறினால் கன்ட்ரோல் வேலை செய்கிறது. இறங்கியே கிடந்தால் 1600 வாட் என்று எழுதியிருந்தாலும் வேண்டாம். இப்படிச் சோதிக்க விடாத கடையில் நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

இங்கேதான் நம் ஊர் லைன் வோல்டேஜ் குறுக்கே வருகிறது. ஆற்றில் தண்ணீர் வராத நாட்களில் போர்செட்டுகள் எல்லாம் ஒன்றாக ஓடும்; டிரான்ஸ்பார்மரிலிருந்து கடைக்கோடியில் இருக்கும் வீட்டிலும் ஷெட்டிலும் 230 வோல்ட் 190-க்கு இறங்குவது டெல்டா கிராமங்களில் புதுசில்லை. மோட்டார் கொடுக்கக்கூடிய உச்ச சக்தி ஏறத்தாழ வோல்டேஜின் இருமடிப் பெருக்கத்தை ஒட்டி இறங்கும். 190-ஐ 230-ஆல் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கினால் 0.68. அதாவது 1200 வாட் மிஷின் அந்த நேரத்தில் 800 வாட் மிஷின். சென்சார் உள்ள மிஷினில் தாழ்ந்த வேகத்தில் இது தெரியாது, அலையில் வெட்டாமல் மிச்சம் வைத்திருப்பதை எடுத்துக் கொடுத்து ஈடுகட்டிவிடும். டயலை உச்சிக்குக் கொண்டுபோனால் மிச்சம் எதுவும் இல்லை, அப்போதுதான் திணறும். ஆகவே வோல்டேஜ் கம்மியான நேரத்தில் டயலை 6-ல் வைத்து மல்லுக்கட்டுவதை விட்டு, 4-ல் வைத்து ஒரு பாஸ், அதாவது ஒரு தடவை தேய்ப்பை, கூடுதலாகப் போடுவது மோட்டாருக்கும் நல்லது, பெயின்ட்டுக்கும் நல்லது.

எக்ஸ்டென்ஷன் ஒயரும் தன் பங்குக்குத் தின்னும். 0.75 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் 25 மீட்டர் ஒயர் என்றால் போக வர 50 மீட்டர், தடை 1.3 ஓம். 1200 வாட்டுக்கான 5.2 ஆம்பியர் ஓடும்போது கிட்டத்தட்ட 7 வோல்ட் அதிலேயே போய்விடும், 35 வாட் சூடாக மாறும். 35 வாட் 25 மீட்டரில் பரவிக் கிடந்தால் ஒன்றும் ஆகாது. ஒயரைச் சுருளிலேயே விட்டுவிட்டு ஓட்டினால் அத்தனை சூடும் சுருளின் நடுவில் தேங்கும், மேலுறை இளகி ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு குறைந்த தூரமானாலும் சுருளை முழுதாக அவிழ்த்துப் போட வேண்டும். 1.5 சதுர மி.மீ. செம்பு வாங்கினால் இழப்பு பாதியாகும். செம்பு பூசிய அலுமினியக் கம்பி மலிவாகக் கிடைக்கும், ஆனால் தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. நுனியைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளை தெரியும்.

ஜெனரேட்டரில் ஓட்டுகிறவர்கள் 1200 வாட் மிஷினுக்கு 2 கே.வி.ஏ.-வுக்குக் குறையாமல் வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்டார்ட் ஆகும்போது ஒரு கணம் பல மடங்கு இழுக்கும். சாஃப்ட் ஸ்டார்ட் உள்ள மிஷின் அதைக் குறைக்கும். 500 வாட் டூயல் ஆக்‌ஷனுக்கு 1 கே.வி.ஏ. போதும். பேட்டரி மிஷினில் வாட்டைத் தேடவே வேண்டாம், 18 வோல்ட்டை 5 ஆம்பியர்-மணியால் பெருக்கினால் 90 வாட்-மணி. சராசரி 200 வாட் இழுத்தால் 27 நிமிடம். ஒரு முழுக் காருக்கு நாலைந்து பேட்டரியோ, சார்ஜ் ஏறும் வரை காத்திருக்கும் பொறுமையோ வேண்டும்.

ஆங்கிள் கிரைண்டரில் அடாப்டர் போட்டு வூல் பேடு மாட்டும் வழக்கத்தை மட்டும் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். “850 வாட் இருக்கிறது, பாலிஷ் மிஷினும் அதேதானே” என்பார்கள். நாலு இன்ச் கிரைண்டர் 11,000 சுற்று. அதில் 150 மி.மீ. பேடு மாட்டினால் விளிம்பின் வேகம் நொடிக்கு 86 மீட்டர். வெல்குரோ அதைப் பிடித்து வைக்காது. பேடு பறந்தால் யார் முகத்தில் அடிக்கும் என்று சொல்ல முடியாது. பறக்காவிட்டால் இரண்டு நொடியில் பெயின்ட் எரியும். வாட் ஒன்றாக இருந்தும் வேகம் வேறானால் அது வேறு கருவி.

வாட்டால் தீராத வேலையும் இருக்கிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் கலந்த போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்ட காரில் வெள்ளை வட்டங்கள் ஒட்டிக்கிடக்கும். அது தாது உப்பு. அதன் மேல் நேராக மிஷினை வைத்தால் உப்புத் துணுக்கே உப்புத்தாள் வேலை செய்து புதுக் கீறல் போடும். வினிகரையும் தண்ணீரையும் சம அளவு கலந்து துணியில் நனைத்து, நிழலில் ஒரு நிமிடம் வைத்துத் துடைத்து, நல்ல தண்ணீரில் கழுவி, அதற்கும் மிஞ்சிய குழிக்குத்தான் பாலிஷ். அறுவடைக் காலத்தில் ரோட்டோரம் பறக்கும் பதரும் தூசியும் அப்படித்தான். கழுவி, ஒட்டிய அழுக்கை இழுக்கும் களிமண் போன்ற க்ளே கட்டியால் உருவி எடுத்துவிட்டு மிஷினைத் தொட வேண்டும். அந்தத் தூசி மிஷினின் காற்றுத் துளைகளிலும் ஏறும். ஆர்மேச்சரோடு சேர்ந்தே விசிறியும் சுற்றுவதால், தாழ்ந்த வேகத்தில் அழுத்தி ஓட்டும்போது காற்றும் குறைவு, சூடும் அதிகம். உடம்பு சுடுகிறது என்று தெரிந்தால் உடனே நிறுத்தாமல், பேடைத் தூக்கி நடு வேகத்தில் ஒரு நிமிடம் சும்மா சுற்றவிட்டு நிறுத்துங்கள்.

வேலை என்று இறங்கினால், 45 செ.மீ. சதுரத்துக்குக் கொண்டைக்கடலை அளவில் மூன்று நான்கு சொட்டு காம்பவுண்ட். ரோட்டரியில் 600-ல் பரப்பி, 1200 முதல் 1500-க்குள் தேய்த்து, முடிவில் 1000-க்கு இறக்குவது. நொடிக்கு இரண்டு மூன்று செ.மீ. வேகத்தில் கை நகர வேண்டும், ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் பாதியை மூட வேண்டும், நாலு முதல் ஆறு பாஸ். சித்திரை வெயிலில் சூடேறிய பானெட்டில் காம்பவுண்ட் இரண்டாவது பாஸிலேயே காய்ந்து புழுதியாகும். காலை எட்டு மணிக்குள் நிழலில் முடித்துக்கொள்வதுதான் வழி. இந்த வேலை முழுவதற்கும் சொந்தக் காரை வைத்திருப்பவருக்கு 15 மி.மீ. வட்டம், 500 முதல் 900 வாட், வேகம் பிடிக்கும் கன்ட்ரோல் உள்ள டூயல் ஆக்‌ஷன் தாராளம். பெயின்ட் அடித்த பிறகு உப்புத்தாளில் தேய்த்த தடத்தை எடுக்கும் பட்டறைக்கு 1200 வாட் ரோட்டரி ஒன்று கூடவே வேண்டும். 1800 வாட் யாருக்கு என்று கேட்டால், கார் பெயின்ட்டுக்கு நான் ஒரு காரணமும் காணவில்லை.

வாட்டர் சர்வீஸ் போன்ற ஈரத் தரையில் ஓட்டுகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். தகட்டில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சதுரம் போட்டிருந்தால் அது இரட்டை இன்சுலேஷன், எர்த் கம்பி இருக்காது. உலர்ந்த இடத்தில் அது பாதுகாப்புதான், தண்ணீர் உள்ளே போனால் இல்லை. அந்த லைனில், கரன்ட் கசிந்தால் உடனே வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டு, மாதம் ஒரு முறை டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். கார்பன் பிரஷ் தேய்ந்தால் பொறி பெரிதாகி, வலு குறைந்து, மிஷின் விட்டு விட்டு ஓடும்; வாட் குறைந்துவிட்டது என்று மோட்டாரைச் சுற்றக் கொடுப்பதற்கு முன் பக்கவாட்டு மூடியைத் திருகிக் கழற்றி பிரஷ்ஷின் நீளத்தைப் பாருங்கள். 6 மி.மீ.-க்குக் கீழே வந்திருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் கம்யூட்டேட்டர் ஒரு பக்கமாகத் தேயும். புதுப் பிரஷ் போட்டதும் சுமை இல்லாமல் தாழ்ந்த வேகத்தில் பத்து நிமிடம் ஓட்டி உட்காரவிட்ட பிறகு பேடு மாட்டுங்கள்.